“ஆட்டை விட்டு வரமாட்டேன்!”

வெள்ளத்தில் மனிதனை மட்டும் காப்பாற்றினால் போதுமா? தூத்துக்குடிச் சீமை கற்றுக் கொடுத்த பாடம்

“ஆச்சி, சீக்கிரம் படகில ஏறுங்க!”

“நான் வரலை அய்யா. நீங்க போங்க.”

“தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு ஆச்சி! உசிரு முக்கியமா, இல்லையா?”

“என் ஆட்டை விட்டு வரமாட்டேன். நான் வளர்த்த குட்டி அது. அதுவும் வந்தா நானும் வாரேன்!”

வெள்ளம் வரும்போது இப்படி ஒரு வாக்குவாதம் நடந்தால் என்ன செய்வது? கிழவியைத் திட்டுவதா? குண்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு வருவதா? அல்லது, ஆட்டையும் படகில் ஏற்றுவதா?

“ஆட்டுக்காக உயிரை விடுவார்களா?” என்று சிலர் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டாம். உலகம் முழுவதும் இந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறார்கள். சில நாடுகளில் இதற்காகச் சட்டமே போட்டிருக்கிறார்கள். அந்த விவரத்தைப் பார்ப்போம்.

கொட்டித் தீர்த்த மழை

2023-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 17-ந் தேதி. அன்று தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் மழை பிடித்தது. சாதாரண மழை அல்ல. பேய் மழை!

மறுநாள் காலை 8½ மணிக்குக் கணக்குப் பார்த்தார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டி மீட்டர் மழை! ஒரு வருஷம் முழுவதும் பெய்ய வேண்டிய மழையை விட அதிகம். அது ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது.

தாமிரபரணியில் வெள்ளம் கரை புரண்டது. ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர், புன்னைக்காயல் என்று ஆற்றங்கரை ஊர்கள் எல்லாம் தண்ணீரில் மிதந்தன. தூத்துக்குடி நகரத்துத் தெருக்கள் வாய்க்கால் ஆயின. உப்பளங்களில் உப்புப் பாத்திக்கும் கடலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரெயில், ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டது. அதில் சுமார் 800 பயணிகள். இரண்டு நாள் அவர்கள் தவித்தார்கள். அக்கம்பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் சோறு ஆக்கிக் கொடுத்தார்கள். ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலங்கள் வந்தன.

இந்தச் செய்தி எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. ஆனால் அதே இரவில் இன்னொரு துயரமும் நடந்தது. அதற்குப் பேச வாய் இல்லை.

ஆடு, மாடு, கோழிகள் ஆயிரக்கணக்கில் செத்தன. தொழுவத்தில் நின்ற மாடு நின்ற இடத்திலேயே மூழ்கியது. பட்டியில் அடைத்த ஆடுகள் கூட்டமாகச் செத்தன. தண்ணீர் வடிந்த பிறகு வீட்டுக்குத் திரும்பியவர்கள், சேற்றை அள்ளுவதற்கு முன்னால் செத்த பிராணிகளை அள்ள வேண்டி இருந்தது.

கயிறுதான் எமன்

மாட்டுக்கு நீந்தத் தெரியும். நாய்க்கும் நீந்தத் தெரியும். ஆடு கூட ஓரளவு நீந்தும். பிறகு ஏன் இத்தனை சாவு?

காரணம், கயிறு!

தூத்துக்குடிக் கடலில் ஒரு காலத்தில் முத்துக் குளித்தார்கள். 1961-ம் ஆண்டோடு அந்தத் தொழில் நின்றுபோனது. முத்துக் குளிப்பவன் கல்லைக் காலில் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவான். மேலே தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அடியில் இருப்பவன் கயிற்றை அசைத்தால், மேலே இருப்பவன் இழுத்துவிட வேண்டும். நம்பிக்கையான ஆளிடம்தான் அந்தக் கயிற்றைக் கொடுப்பார்கள். அங்கே கயிறுதான் உயிர்.

வெள்ளத்தில் அதே கயிறுதான் எமன். கட்டுத்தறியில் கட்டிய மாடு எங்கே போகும்? சங்கிலியில் கட்டிய நாய் எப்படி நீந்தும்? தண்ணீர் ஏற ஏற, அது கழுத்தை நீட்டும். பிறகு நீட்டவும் முடியாது. அந்தக் கயிற்றின் மறு நுனியைப் பிடித்திருப்பவர், உண்மையில் அதை வளர்த்தவர்தான். அவர் அவிழ்த்துவிட்டால் அது பிழைக்கும். மறந்துவிட்டால் சாகும்.

“இரவு நேரத்தில் பதறி ஓடும்போது கயிற்றை அவிழ்க்க யாருக்கு நினைவு வரும்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதனால்தான் முன்கூட்டியே யோசிக்க வேண்டும் என்கிறோம். அதைக் கடைசியில் சொல்கிறோம்.

ஏழையின் பாங்கி

பணக்காரனுக்குப் பாங்கியில் பணம். ஏழைக்குக் கொட்டிலில் ஆடு.

பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டுமா? ஆட்டை விற்பாள். மகளுக்குப் பிரசவமா? ஆட்டை விற்பாள். மீன்பாடு இல்லாத மாதத்தில் அடுப்பு எரிய வேண்டுமா? அதற்கும் ஆடுதான். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மழைக் காலத்தில் வேலை கிடையாது. அந்த மாதங்களில் ஆடும் கோழியும்தான் அவர்களுக்குக் கை கொடுக்கும்.

ஆனால் வெறும் பணத்துக்காக மட்டும் அவள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. தாய் இல்லாத குட்டிக்குப் புட்டியில் பால் கொடுத்தவள் அவள். அதற்குப் பெயர் வைத்தவள். சாயங்காலம் அவள் குரல் கேட்டால் அது ஓடி வரும். பிள்ளைகள் எல்லாம் கப்பலுக்கும் வெளியூருக்கும் போய்விட்ட வீட்டில், அவளைத் தேடி ஓடி வரும் ஜீவன் அது ஒன்றுதான்.

இதைப் புரிந்துகொள்ளாமல், “ஆடு போனால் போகட்டும், நீ ஏறு” என்றால் அவள் எப்படி ஏறுவாள்?

நாய்க்குக் கணக்கு இல்லை

2023 வெள்ளத்துக்குப் பிறகு தமிழக அரசு நிவாரணம் அறிவித்தது. செத்த மாடு ஒன்றுக்கு 37 ஆயிரத்து 500 ரூபாய். ஆடு ஒன்றுக்கு 4 ஆயிரம் ரூபாய். இது நல்ல ஏற்பாடு. முன்பு கொடுத்ததை விட அதிகம்.

ஆனால் அந்தப் பட்டியலில் நாய் இல்லை. பூனை இல்லை. கிளி இல்லை. இருக்கவும் முடியாது. நாய்க்கு என்ன விலை போடுவது?

இந்த மாவட்டத்தில் நாய்க்குத் தனிச் சிறப்பு உண்டு. கோவில்பட்டி, கழுகுமலை வட்டாரத்தில் கன்னி நாய் வளர்ப்பார்கள். கறுப்பு உடல். மெலிந்த வயிறு. நீண்ட கால்கள். ஓடினால் முயல் கூடத் தப்ப முடியாது. கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குப் போகும் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுப்பார்கள் என்பதால் “கன்னி” என்று பெயர் வந்தது என்று சொல்வார்கள். பக்கத்து ராஜபாளையம் நாயும் இப்படிப் புகழ் பெற்றது. 2005-ம் ஆண்டு ஜனவரியில் இந்திய அரசு அதற்குத் தபால் தலையே வெளியிட்டது.

நாய்க்குப் பணம் கொடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது இரண்டுதான். படகில் ஓர் இடம். அது செத்துவிட்டால், “ஒரு நாய்தானே” என்று சொல்லாமல் இருக்கும் மனசு.

அமெரிக்கா பட்ட பாடு

2005-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29-ந் தேதி. அமெரிக்காவில் “கத்ரீனா” என்ற புயல் அடித்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரம் தண்ணீரில் மூழ்கியது. ஆயிரத்துக்கும் அதிகமான பேர் இறந்தார்கள்.

“மனிதர்கள் மட்டும் வாருங்கள். பிராணிகளுக்கு இடம் இல்லை” என்று அதிகாரிகள் சொன்னார்கள். பஸ்சில் ஏறப் போன ஒரு சிறுவனின் கையில் ஒரு குட்டி நாய் இருந்தது. போலீஸ்காரர் அதைப் பிடுங்கிக்கொண்டார். சிறுவன் நாயின் பெயரைச் சொல்லி அழுதான். “ஸ்நோபால்! ஸ்நோபால்!” என்று கதறினான். அழுது அழுது வாந்தி எடுத்தான். இந்தச் செய்தி பத்திரிகைகளில் வந்தது. அமெரிக்க ஜனங்கள் கொதித்துப் போனார்கள்.

பிறகு ஒரு கணக்கு எடுத்தார்கள். வெளியேறாமல் வீட்டிலேயே தங்கிவிட்டவர்களிடம், “ஏன் போகவில்லை?” என்று கேட்டார்கள். நூற்றுக்கு 44 பேர், வளர்ப்புப் பிராணியை விட்டுப் போக மனம் இல்லாததும் ஒரு காரணம் என்று சொன்னார்கள்!

அதாவது, நாயைக் காப்பாற்ற மறுத்ததால் மனிதர்களும் ஆபத்தில் சிக்கினார்கள்.

மறு வருஷமே, 2006-ல், அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. வெள்ளம், புயல் வந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொரு ஊரும் திட்டம் தீட்டும்போது, பிராணி வளர்ப்பவர்களையும் அவர்களுடைய பிராணிகளையும் அந்தத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். இதுதான் சட்டம்.

நம் நாடும் இரக்கம் காட்டியது உண்டு. 2022-ல் உக்ரைனில் சண்டை மூண்டது. அங்கே படித்த நம் மாணவர்கள் ஊர் திரும்பினார்கள். சிலர், “நாங்கள் வளர்த்த நாயையும் பூனையையும் விட்டு வரமாட்டோம்” என்றார்கள். குண்டு விழுந்துகொண்டிருந்த ஊரில் பிடிவாதமாக இருந்தார்கள். இந்திய அரசு, வெளிநாட்டுப் பிராணிகளைக் கொண்டு வரும் விதிகளைத் தளர்த்தியது. நாயும் பூனையும் விமானம் ஏறி வந்தன. அவற்றோடு மாணவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

லண்டன் சேரியில் ஓர் ஆஸ்பத்திரி

இது வெள்ளத்தோடு முடிகிற விஷயம் அல்ல. சாதாரண நாளிலும் உண்டு.

லண்டனில் மரியா டிக்கின் என்று ஓர் அம்மையார் இருந்தார். ஏழைகள் வாழும் கிழக்கு லண்டனுக்குச் சேவை செய்யப் போனார். குடிசை குடிசையாக ஏறி இறங்கினார். அங்கே ஒன்றைக் கண்டார்.

ஏழையின் நாய் சொறி பிடித்துக் கிடந்தது. ஏழையின் கழுதை நொண்டியது. ஏழையின் பூனை பிரசவத்தில் துடித்தது. அவர்களுக்குப் பிராணிகள் மேல் அன்பு இல்லாமல் இல்லை. டாக்டருக்குக் கொடுக்கக் காசு இல்லை!

1917-ம் ஆண்டு, ஒயிட்சாப்பல் என்ற இடத்தில், ஒரு கட்டிடத்தின் நிலவறையில் இலவச ஆஸ்பத்திரி திறந்தார். அப்போது முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. “மனிதனுக்கே மருந்து இல்லை; நாய்க்கு ஆஸ்பத்திரியா?” என்று கேலி செய்தவர்கள் இருந்தார்கள். ஆனால் கூட்டம் திரண்டது. நாயும் பூனையும் கோழியும் தூக்கிக்கொண்டு ஏழைகள் வரிசையில் நின்றார்கள்.

அம்மையார் சொல்லாமல் சொன்ன பாடம் இதுதான். ஏழையின் பிராணிக்கு வைத்தியம் செய்தால், அது ஏழைக்குச் செய்யும் உதவி. அவனுடைய பிழைப்பையும் காப்பாற்றுகிறோம். அவனுடைய மனசையும் காப்பாற்றுகிறோம்.

அந்த ஸ்தாபனம் நூறு வருஷத்தைத் தாண்டி இன்றும் நடக்கிறது.

ஆந்தைக்காக அழுத அம்மையார்

நர்சுகளுக்கு எல்லாம் வழிகாட்டி பிளாரன்ஸ் நைட்டிங்கேல். அவரைத் தெரியாதவர்கள் இல்லை. அவர் ஒரு குட்டி ஆந்தை வளர்த்தார் என்பது பலருக்குத் தெரியாது!

1850-ல் கிரேக்க நாட்டில், ஏதென்ஸ் நகரத்தில், கூட்டில் இருந்து விழுந்த ஆந்தைக் குஞ்சு ஒன்றைக் காப்பாற்றினார். “அதீனா” என்று பெயர் வைத்தார். சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு போவார்.

1854-ல் கிரிமியா யுத்தத்தில் காயம் பட்ட சிப்பாய்களுக்குச் சேவை செய்யப் புறப்பட்டார். அந்தப் பரபரப்பில் ஆந்தையை யாரும் கவனிக்கவில்லை. அது செத்துப்போனது. ஆயிரம் சாவைப் பார்க்கப் போகிற அந்த அம்மையார், ஒரு சின்ன ஆந்தைக்காகக் கண்ணீர் விட்டு அழுதார்.

நாள்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் நோயாளிக்கு, ஒரு சின்னப் பிராணி நல்ல துணை என்று பிற்பாடு அவரே எழுதி வைத்தார்.

டாக்டருக்கு உதவிய நாய்

அமெரிக்காவில், நியூயார்க்கில், லெவின்சன் என்று ஒரு மனோதத்துவ நிபுணர். யாரிடமும் பேசாத குழந்தைகளுக்கு வைத்தியம் செய்பவர். அவரிடம் ஒரு நாய் இருந்தது. பெயர் ஜிங்கிள்ஸ்.

ஒரு நாள், ஒரு சிறுவனைப் பெற்றோர் குறித்த நேரத்துக்கு முன்னதாகவே அழைத்து வந்துவிட்டார்கள். அறையில் நாய் இருந்தது. அது ஓடிப் போய்ச் சிறுவனை நக்கியது. அவன் பயப்படவில்லை. கட்டிப் பிடித்துக்கொண்டான்! யாரிடமும் ஒட்டாத பிள்ளை, நாயோடு ஒட்டிக்கொண்டான். நாய் வழியாக டாக்டரோடும் பேசத் தொடங்கினான்.

1962-ல் லெவின்சன் இதைக் கட்டுரையாக எழுதினார். முதலில் சிலர் சிரித்தார்கள். இப்போது பல நாடுகளில் இது ஒரு வைத்திய முறையாகிவிட்டது.

அமெரிக்காவில் டென்னசி பல்கலைக்கழகத்தில், 2002-ம் ஆண்டு முதல், கால்நடை ஆஸ்பத்திரியிலேயே சமூக ஊழியர்களை வைத்திருக்கிறார்கள். நாய்க்கு டாக்டர் வைத்தியம் பார்ப்பார். நாயை வளர்த்தவருக்குச் சமூக ஊழியர் ஆறுதல் சொல்வார். இதற்கென்று தனிப் படிப்பே இருக்கிறது!

நமக்குப் புதிது அல்ல

“இதெல்லாம் வெள்ளைக்காரர் வழக்கம்” என்று நினைக்க வேண்டாம்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் கல். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தியது. மாடு பிடிக்க வந்த கள்ளரோடு சண்டை போட்டுச் செத்த ஒரு வீரனுக்கு நட்ட கல் அது. வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் “கோவிவன்”. அது கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்லிலே எழுதி வைத்தார்கள்.

நாய்க்கும் பெயர் சொல்லிக் கல் நட்டவர்கள் நாம்!

பாரதக் கதையில், தருமர் சொர்க்கத்துக்குப் போகிறார். பின்னாலேயே ஒரு நாய் வருகிறது. “நாயை விட்டுவிட்டு வா” என்கிறான் இந்திரன். “என்னை நம்பி வந்ததை விட்டுவிட்டுச் சொர்க்கம் வேண்டாம்” என்கிறார் தருமர். படகில் ஏற மறுக்கும் பாட்டி சொல்வதும் இதைத்தானே?

2004-ம் ஆண்டு சுனாமி வந்தபோது, புதுச்சேரிக்குப் பக்கத்தில் சின்னக்காலாப்பட்டில் ஒரு சம்பவம் நடந்தது. பயந்துபோன 7 வயதுப் பையன், மேட்டுக்கு ஓடாமல் குடிசைக்குள் போய்விட்டான். அந்த வீட்டு நாய் உள்ளே ஓடியது. அவனை முட்டித் தள்ளி, மேட்டுக்கு விரட்டிக்கொண்டு போனது. பையன் பிழைத்தான். நாயின் பெயர் செல்வகுமார்!

சென்னையில் 1959-ம் ஆண்டு மழைக்காலத்தில், விமானி கேப்டன் சுந்தரம், தெரு வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைக் கண்டு வீட்டுக்கு எடுத்து வந்தார். அவரும் அவர் மனைவி உஷாவும் அந்தக் குட்டிகளைப் பராமரித்தார்கள். அதில் இருந்து பிறந்ததுதான் “புளூ கிராஸ்” சங்கம்.

பரதநாட்டியத்துக்குப் புகழ் தந்த ருக்மணி தேவி அருண்டேல், ராஜ்யசபை உறுப்பினராக இருந்தார். பிராணிகளை வதைப்பதைத் தடுக்க வேண்டும் என்று சபையில் போராடினார். அதன் பயனாக 1960-ல் சட்டம் வந்தது. 1962-ல் பிராணிகள் நல வாரியம் ஏற்பட்டது. அவரே அதன் முதல் தலைவர்.

கேட்க வேண்டிய ஒரு கேள்வி

சமூக சேவை செய்கிறவர்கள் ஒரு வீட்டுக்குப் போகிறார்கள். என்ன கேட்பார்கள்? “வீட்டில் எத்தனை பேர்? சம்பாதிக்கிறவர் யார்? ரேஷன் கார்டு இருக்கிறதா? நோய் உண்டா?” இதையெல்லாம் கேட்பார்கள்.

இன்னும் ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும்.

“வீட்டில் என்ன பிராணி வளர்க்கிறீர்கள்?”

இந்த ஒரு கேள்வி பல கதவுகளைத் திறக்கும்.

தனியாக இருக்கும் பெரியவர் ஆஸ்பத்திரியில் சேர மறுக்கிறார். பிடிவாதம் என்று நினைக்கிறோம். உண்மையில், “நான் படுத்துவிட்டால் நாய்க்கு யார் சோறு வைப்பார்கள்?” என்பது அவர் கவலையாக இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், “நான் பார்த்துக்கொள்கிறேன் அண்ணாச்சி” என்று சொன்னால், அவர் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுவார்.

குடிகாரப் புருஷனிடம் அடி வாங்கும் பெண் வீட்டை விட்டு வெளியேற மாட்டேன் என்கிறாள். “நான் போனால் ஆட்டை விற்றுக் குடித்துவிடுவான். நாயை அடித்தே கொன்றுவிடுவான்” என்று பயப்படலாம். மேல் நாடுகளில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். மனைவியை அடிக்கிறவன், அவள் வளர்க்கும் பிராணியையும் அடிப்பான். அவளை மிரட்ட அதுவே ஒரு ஆயுதம் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அடிபட்ட பெண்களை அவர்களுடைய பிராணிகளோடு சேர்த்துக்கொள்ளும் விடுதிகளுக்கு உதவி செய்ய, அமெரிக்காவில் 2018-ல் சட்டமே வந்தது. இப்படிப்பட்ட துன்பத்தில் இருக்கும் பெண்கள் 181 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

ஒரு பையன் பூனையின் வாலில் நெருப்பு வைக்கிறான். “விளையாட்டு” என்று விட்டுவிடக் கூடாது. அவனை யாராவது வீட்டில் வதைக்கிறார்களா என்று அன்போடு விசாரிக்க வேண்டும். குழந்தைகளுக்கு உதவி கேட்க 1098 என்ற எண் இருக்கிறது.

கடி பட்டவர்கள் கேட்பதும் நியாயமே

“நாய் நாய் என்கிறீர்களே, தெருவில் நடக்க முடிகிறதா?” என்று சிலர் கோபப்படுவார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

வெறிநாய்க் கடிக்கு நோய் கண்ட பிறகு மருந்து கிடையாது. சாவு நிச்சயம். ஆனால் முன்னதாகவே தடுக்க முடியும். நாய் கடித்தாலும், பூனை கடித்தாலும், பிறாண்டினாலும், உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் புண்ணைக் கழுவ வேண்டும். பிறகு தாமதம் செய்யாமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும். அது இலவசம். டாக்டர் சொன்ன தேதிகளில் எல்லா ஊசியும் போட்டு முடிக்க வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, பச்சிலை எதையும் புண்ணில் வைக்கக் கூடாது.

அன்பு வைத்தவர்களுக்குக் கடமையும் உண்டு. நாய் வளர்க்கிறவர், வருஷம் தவறாமல் தடுப்பு ஊசி போட வேண்டும். குட்டிகள் பெருகாமல் ஆபரேஷன் செய்ய வேண்டும். குட்டி போட்டதும் சாக்கில் கட்டி மீன் மார்க்கெட்டில் விட்டு வருவது அன்பு அல்ல. பாவம்!

நிவாரண முகாமிலும் அப்படித்தான். நாயைக் கண்டால் பயப்படும் பிள்ளைகள் அங்கே இருப்பார்கள். எல்லோரும் படுக்கும் கூடத்தில் ஆட்டைக் கட்ட முடியாது. பள்ளிக்கூடத்தில் முகாம் என்றால், மைதானத்தின் மேடான ஓரத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டால் போதும். ஒரு தொட்டித் தண்ணீர், கொஞ்சம் வைக்கோல், காவலுக்கு இரண்டு பேர். பெரிய செலவு இல்லை. அந்தக் கொட்டகை இருக்கிறது என்று தெரிந்தால், தாமதம் செய்யாமல் ஜனங்கள் வீட்டை விட்டுப் புறப்படுவார்கள்.

மழைக்கு முன்னால் செய்ய வேண்டியவை

ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு குடும்பமும் இவற்றைச் செய்து வைக்கலாம். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள், வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு இதைப் படித்துக் காட்டட்டும்.

1. உங்கள் ஊரில் மேடான இடம் எது என்று பார்த்து வையுங்கள். ஆடு மாட்டை எந்த வழியாக அங்கே ஓட்டிப் போவது என்றும் முடிவு செய்யுங்கள்.

2. மழை பலக்கும் என்று ரேடியோவிலும் டெலிவிஷனிலும் அறிவித்தால், இருட்டுவதற்கு முன்னாலேயே பிராணிகளை மேட்டுக்குக் கொண்டு போய்விடுங்கள். நடு இரவில் முடியாது.

3. மழைக் காலத்தில் முடிச்சு, இழுத்தால் அவிழும் முடிச்சாக இருக்கட்டும். தொழுவத்துக் கூரையில் ஓர் அரிவாளைச் செருகி வையுங்கள். நேரம் இல்லை என்றால் கயிற்றை அறுத்துவிடலாம்.

4. எதையும் கொண்டு போக முடியாத நிலை வந்தால், கட்டியதை அவிழ்த்துவிட்டு, அடைத்ததைத் திறந்துவிட்டுப் போங்கள். கோழிக் கூட்டையும் மறக்க வேண்டாம். அவை தாமே வழி தேடிக்கொள்ளும்.

5. நாய், பூனைக்கு ஒரு கூடையும் கயிறும் தயாராக இருக்கட்டும். மூன்று நாள் தீனியைப் பரணில் வையுங்கள்.

6. தடுப்பு ஊசிச் சீட்டையும், பிராணியின் போட்டோ ஒன்றையும் ரேஷன் கார்டோடு ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். காணாமல் போனால் அடையாளம் சொல்ல உதவும்.

7. கால்நடைகளுக்கு வைத்தியம் வேண்டுமானால் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். ஆபத்துக் காலத்தில் மாவட்ட உதவி எண் 1077.

8. ஆடு மாடு செத்துவிட்டால், புதைப்பதற்கு முன்னால் கால்நடை டாக்டருக்கும் கிராம நிர்வாக அதிகாரிக்கும் தெரிவியுங்கள். அப்போதுதான் நிவாரணம் கேட்க வசதியாக இருக்கும். வெள்ளத் தண்ணீரில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். எலிக்காய்ச்சல் வரும்.

பெரிய காரியம் அல்ல

மாநகராட்சியும், கிராமப் பஞ்சாயத்தும், மீனவர் சங்கமும், கோவில் நிர்வாகமும், மாதா கோவில் பங்கும், ஜமாத்தும் மழைக்கு முன்னால் கூடி ஒரு கணக்கு எடுக்கலாம். எந்தத் தெருவில் எத்தனை ஆடு, எத்தனை மாடு, எந்த வீட்டில் தனியாக ஒரு பெரியவரும் ஒரு நாயும் இருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதினால் போதும். கல்லூரியில் சமூக சேவை படிக்கும் மாணவர்கள் ஒரு வாரத்தில் இதைச் செய்து முடிப்பார்கள். நெல்லைக்குப் பக்கத்தில் ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் மாணவர்களையும் துணைக்கு அழைக்கலாம்.

மனிதனா, பிராணியா என்று கேட்பதே தவறு. மனிதனைக் காப்பாற்றுவதற்காகவே அவன் பிராணியையும் காப்பாற்ற வேண்டும். படகில் ஓர் ஆட்டுக்குட்டி பிடிக்கும் இடம், ஓர் அரிசி மூட்டை பிடிக்கும் இடம்தான். அந்த இடத்தைக் கொடுக்க மறுத்தால், அதை வளர்த்தவளும் வராமல் போகலாம்.

இந்த வருஷமும் ஐப்பசி வரும். தாமிரபரணியில் தண்ணீர் வரும். உங்கள் வீட்டுத் தொழுவத்தை இன்றைக்கே ஒரு முறை போய்ப் பாருங்கள். கயிற்றில் என்ன முடிச்சுப் போட்டிருக்கிறது?